'தி லாஸ்ட் எம்பரர்' படத்தில் எது நடந்தது, எது நடக்கவில்லை?

"1987இல் வந்த 'தி லாஸ்ட் எம்பரர்' பார்த்தேன். சீனாவின் கடைசி அரச குடும்பம் எப்படி வீழ்ந்தது என்று தெரிந்துகொள்ள இந்தப் படம் போதுமா? எவ்வளவு நிஜம், எவ்வளவு கற்பனை?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. காட்டப்பட்டவை நடந்தவையா என்பது ஒன்று. வீழ்ச்சிக்கான காரணம் படத்தில் இருக்கிறதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என் பதில்: காலக்கோடு பெரும்பாலும் சரி, முக்கியமான சில காட்சிகள் கற்பனை, அந்தக் கற்பனைகளில் பெரும்பாலானவை கடைசிச் சக்கரவர்த்தியான புயிக்குச் சாதகமாகவே சாய்கின்றன. இரண்டாவதற்கு: இல்லை. அந்த அரச குடும்பமான சிங் வம்சத்தைக் கவிழ்த்த சம்பவங்கள் அனேகமாகத் திரைக்கு வெளியேதான் நடக்கின்றன. ஒரு வரம்பையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் காலகட்டத்தை நெடுநாளாகப் படித்து வருகிறேன், ஆனால் சீன மூலங்களை மொழிபெயர்ப்பு வழியாகத்தான் அறிவேன்.

முதலில் படத்தின் மூலப்பொருளைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. இயக்குநர் பெர்டோலுச்சி அடித்தளமாக எடுத்துக்கொண்டது புயியின் தன்வரலாறு. அது ஃபூஷுன் போர்க்குற்றவாளிகள் சிறையில் அவர் எழுதிய குற்ற ஒப்புதலில் இருந்து வளர்ந்த நூல். 1960இல் உள்சுற்றுக்கு மட்டும் அச்சாகி, லி வென்டா என்ற பதிப்பாசிரியரின் கையால் திருத்தி எழுதப்பட்டு, 1964இல் பொதுமக்களுக்கு வெளிவந்தது. வெட்டப்பட்ட பகுதிகளைச் சேர்த்த விரிவான பதிப்பு 2007இல்தான் சீன மொழியில் வந்தது. ஆக, படம் பார்ப்பவருக்கு வந்து சேர்வது மூன்று முறை வடிகட்டிய கதை. சிறைக்குள் இருந்தவர் எதைச் சொல்லலாம் என்று யோசித்தது ஒன்று, பதிப்பாசிரியர் வைத்ததும் எடுத்ததும் இன்னொன்று, திரைக்கதைக்காக வெட்டி ஒட்டியது மூன்றாவது. ஒரு காட்சி பொய்யாகத் தெரிந்தால் இந்த மூன்றில் எந்த இடத்தில் அது மாறியது என்று பார்ப்பதுதான் சரியான முறை. எல்லாப் பழியையும் இயக்குநர் மேல் போட முடியாது.

உறுதியாக நடந்தவை இவை. புயி பிறந்தது 1906 பிப்ரவரி. 1908 நவம்பர் 14இல் குவாங்ஷு பேரரசர் இறந்தார், ஆட்சியைக் கையில் வைத்திருந்த பேரரசி சீஷியும் மறுநாளே இறந்தார். டிசம்பர் 2இல் மூன்று வயதுகூட நிரம்பாத குழந்தைக்கு முடிசூட்டினார்கள். கடுங்குளிரில் குழந்தை வீறிட்டு அழுதது, "சீக்கிரம் முடிந்துவிடும், சீக்கிரம் முடிந்துவிடும்" என்று அப்பா சமாதானம் சொன்னது அபசகுனமாகப் பேசப்பட்டது, இதெல்லாம் தன்வரலாற்றிலேயே இருக்கிறது. படத்தில் குழந்தை மஞ்சள் திரையை விலக்கிக்கொண்டு வெளியே ஓடி, முற்றம் நிறைய மண்டியிட்ட கூட்டத்துக்குள் சில்வண்டின் சத்தத்தைத் தேடிப் போவது திரைக்காக உருவாக்கியது. படத்தின் மிகச் சிறந்த காட்சி அதுதான் என்பதை மறுக்க மாட்டேன். ஆங்கிலேய ஆசிரியர் ரெஜினால்ட் ஜான்ஸ்டன் 1919இல் வந்தது, மூக்குக்கண்ணாடி, சைக்கிள், சடை வெட்டியது, 1923இல் அரண்மனைக்குள் பெரும் தீ, அதையடுத்து அலி ஊழியர்களை (விதை நீக்கப்பட்ட அரண்மனைப் பணியாளர்களை) வெளியேற்றியது, 1924இல் குடும்பத்தையே வெளியேற்றியது, டியான்ஜின் நகர வாழ்க்கை, 1932இல் ஜப்பானியர் வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியாவில் உருவாக்கிய பொம்மை அரசுக்குத் தலைவர், 1934இல் அதற்கே பேரரசர், 1945இல் சோவியத் படையிடம் பிடிபட்டது, 1950இல் சீனாவிடம் ஒப்படைப்பு, 1959 டிசம்பரில் பொதுமன்னிப்பு, 1967 அக்டோபரில் மரணம். இந்த வரிசையில் படம் எங்கும் தடுமாறவில்லை. சிறையில் அவருடைய எண் 981 என்பதும் நிஜம். அவருடைய தம்பி புஜியே படப்பிடிப்பின்போது உயிரோடு இருந்தார், படக்குழுவுக்கு ஆலோசனையும் சொன்னார்.

இனி வீழ்ச்சிக்கு வருவோம். படத்தில் ஒரு நாள் தம்பி வந்து "நீ இனிமேல் சக்கரவர்த்தி இல்லை" என்கிறான், சிறுவன் சுவர் ஏறிப் பார்க்கிறான், வெளியே குடியரசுத் தலைவரின் வாகனம் போகிறது. ஒரு பேரரசு கவிழ்ந்தது இந்தச் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. குழந்தையின் கண்ணால் பார்ப்பது என்று முடிவெடுத்துவிட்டால் வேறு வழியும் இல்லை, அந்த ஆறு வயதுச் சிறுவனுக்கு எதுவும் தெரியாது. ஆனால் பார்வையாளருக்குத் தெரிய வேண்டும். வெளிநாட்டவரை எதிர்த்து எழுந்த பாக்சர் கலகத்துக்குப் பிறகு 1901இல் வெளிநாட்டு அரசுகள் விதித்த தண்டத் தொகை 45 கோடி டேல் வெள்ளி. ஒரு டேல் என்பது ஏறத்தாழ 37 கிராம். கஜானா அப்போதே அடமானத்துக்குப் போய்விட்டது. 1905இல் அரசுப் பணித் தேர்வை ஒழித்தார்கள். அதுவரை படித்த குடும்பங்களை அரியணையோடு கட்டிவைத்திருந்த கயிறு அதுதான். 1911 மே மாதம் அமைத்த அமைச்சரவையில் 13 பேரில், நாட்டின் பெரும்பான்மை இனமான ஹான் சீனர்கள் 4 பேர் மட்டுமே. அரசியல் சட்டம் வரும் என்று காத்திருந்த மிதவாதிகள் அன்றோடு கைகழுவினார்கள். அதே மாதம் மாகாணங்களின் ரயில்பாதைத் திட்டங்களை மைய அரசு எடுத்துக்கொண்டது, சிச்சுவானில் முதலீடு போட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அக்டோபர் 10இல் வூசாங்கில் அரசுப் படைவீரர்களே கலகம் செய்தார்கள். அடுத்த சில வாரங்களில் மாகாணங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

இந்த இடத்தில் புயியின் அப்பா இளவரசர் சுன் செய்த ஒரு காரியம் தீர்மானகரமானது. 1909 ஜனவரியில், நவீனப் படையை உருவாக்கிய யுவான் ஷிகாயைப் பதவியிலிருந்து விரட்டினார். படைத் தளபதிகளோ யுவானின் ஆட்களாகவே இருந்தார்கள். கலகம் வெடித்ததும் அவரையே கெஞ்சிக் கூப்பிட வேண்டிவந்தது. வந்தவர் இரண்டு பக்கமும் பேரம் பேசினார், குடியரசின் தலைமை தனக்கு என்று உறுதியானதும் அரண்மனையைப் பதவி துறக்க வைத்தார். 1912 பிப்ரவரி 12இல் ஆணையை வெளியிட்டவர் குழந்தையின் பெயரால் குவாங்ஷுவின் விதவையான பேரரசி லோங்யூ. படத்தில் இந்த மூவருக்கும் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. வீழ்ச்சியைப் புரிந்துகொள்ள நினைப்பவர் முதலில் படிக்க வேண்டியது இந்த மூவரைப் பற்றித்தான்.

பதவி துறந்தவர்கள் அரண்மனையிலேயே எப்படி 12 ஆண்டுகள் இருந்தார்கள் என்ற சந்தேகம் படம் பார்க்கும் எல்லோருக்கும் வரும். அதற்கு ஒப்பந்தம் இருந்தது. பட்டம் நீடிக்கும், வெளிநாட்டு மன்னருக்குரிய மரியாதை கிடைக்கும், ஆண்டுக்கு 40 லட்சம் டேல் உதவித்தொகை, தற்காலிகமாக அரண்மனையில் இருக்கலாம், பிறகு கோடை மாளிகைக்குப் போக வேண்டும், இருக்கும் ஊழியர்களை வைத்துக்கொள்ளலாம் ஆனால் புதிதாக அலிகளைச் சேர்க்கக் கூடாது, சொந்தச் சொத்துக்குக் குடியரசு பாதுகாப்பு, முன்னோர் கல்லறைகளுக்குக் காவல். தொகை ஒழுங்காகவும் முழுதாகவும் வரவில்லை. செலவோ குறையவில்லை. புயி தன்வரலாற்றில் தரும் ஒரு கணக்கைப் பாருங்கள். 1910இல் ஒரே மாதத்தில் பேரரசி லோங்யூ, நான்கு மூத்த ராணிகள், புயி ஆகிய ஆறு பேருக்கு 3,960 காட்டி இறைச்சி, 388 கோழியும் வாத்தும். அதில் நான்கு வயதுப் பிள்ளையின் பங்கு மட்டும் 810 காட்டி இறைச்சி, 240 கோழி வாத்து. ஒரு காட்டி ஏறத்தாழ 600 கிராம், அதாவது அந்தச் சின்னப் பையனுக்கு மாதம் ஏறத்தாழ 486 கிலோ இறைச்சி. அவன் தின்றதில்லை, கணக்கு எழுதப்பட்டது. வாங்கியவர், சமைத்தவர், மேற்பார்த்தவர் என்று கை மாறிய பணம் அது. படம் பரிமாறலின் பகட்டை அழகாகக் காட்டுகிறது. அந்தத் தட்டுகளுக்குப் பின்னால் இருந்த ரசீதுகள்தான் குடும்பத்தை ஓட்டாண்டி ஆக்கின.

பணம் வற்றியபோது சொத்தை விற்றார்கள், அடகு வைத்தார்கள், திருடினார்கள். படம் திருட்டை அலி ஊழியர்களின் தலையில் மட்டும் வைக்கிறது. 1923 ஜூன் கடைசியில் ஜியன்ஃபு அரண்மனை எரிந்ததற்கும் அவர்களே காரணம் என்ற தொனி. இது புயியின் சந்தேகம், ஜான்ஸ்டனும் அப்படியே நினைத்தார். மின்கசிவு என்றும் அப்போது சொல்லப்பட்டது. எதுவும் நிரூபணமாகவில்லை. எரிந்தது என்று அரண்மனை நிர்வாகம் சொன்ன பட்டியலில் 2,665 தங்கப் புத்தர் சிலைகளும் 1,157 ஓவியங்களும் உண்டு. ஆனால் அவற்றில் எத்தனை தீக்கு முன்பே வெளியேறிவிட்டன என்பதைத்தான் யாராலும் சொல்ல முடியாது. சாம்பலைக் கிளறிப் பார்க்கும் உரிமையை ஒரு தங்க வியாபாரி 5 லட்சம் யுவானுக்கு ஏலம் எடுத்து, 17,000 டேலுக்கு மேல் தங்கம் எடுத்தார் என்று புயியே எழுதுகிறார்.

அதைவிட முக்கியமானது படத்தில் இல்லாத திருட்டு. 1922இலிருந்து புயியும் புஜியேயும் சேர்ந்து அரண்மனைச் சேகரிப்பிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓவியச் சுருள்களையும் 200 அளவில் சோங் வம்ச காலத்து (10 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை) அரிய நூல்களையும் வெளியே கடத்தினார்கள். தம்பி தினமும் பாடம் படிக்க அரண்மனைக்கு வந்து வீடு திரும்புவான், திரும்பும்போது அண்ணன் "பரிசளித்த" மூட்டை கையில் இருக்கும். ஒரு சுருள் எத்தனை சிறிதாகச் சுருண்டு துணிமூட்டைக்குள் அடங்கும் என்பதை யோசித்தால் இது எப்படி நடந்தது என்று விளங்கும். அவை டியான்ஜின் போய், அங்கிருந்து பொம்மை அரசின் தலைநகரான சாங்சுன் போய், 1945இல் ஆட்சி கலைந்தபோது காவலுக்கு இருந்த வீரர்களாலேயே சூறையாடப்பட்டன. சோங் காலத்தின் புகழ்பெற்ற 'சிங்மிங் திருவிழாவில் ஆற்றோரம்' ஓவியச் சுருளும் அந்த வழியாகப் போய்த் தப்பியதுதான். அது இன்று பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எனக்குப் படத்தின் மேல் இருக்கும் மிகப் பெரிய மனக்குறை இதுதான். தன் வீட்டுச் சொத்து என்று நினைத்து ஒருவர் எடுத்தது ஒரு நாட்டின் நினைவை. அந்தக் குற்றத்தைத் தொடாமல் ஊழியர்களின் திருட்டை மட்டும் காட்டுவது நியாயம் இல்லை.

1917ஐயும் படம் தாண்டிவிடுகிறது. அந்த ஜூலை மாதம் ஜாங் ஷுன் என்ற தளபதி படையோடு தலைநகருக்குள் வந்து புயியை மறுபடி அரியணையில் ஏற்றினார். 12 நாள் நீடித்தது. குடியரசுப் பக்கத்து விமானம் ஒன்று அரண்மனை மேல் மூன்று குண்டுகள் போட்டது. ஒன்று பல்லக்கு தூக்குபவரைக் காயப்படுத்தியது, ஒன்று குளத்தில் விழுந்தது, மூன்றாவது வெடிக்கவே இல்லை. 1924 வெளியேற்றம் ஏன் நடந்தது என்பதற்கு இந்த நிகழ்ச்சி தேவை. ஒப்பந்தத்தை முதலில் பெரிதாக மீறியது அரண்மனைத் தரப்பு என்று குடியரசுவாதிகள் சொல்ல இது ஆதாரமானது. படத்தில் இது இல்லாததால், 1924இல் படை வந்து விரட்டுவது திடீர் அநியாயம் போலத் தெரிகிறது. அந்த நாளின் விவரமும் மாறியிருக்கிறது. படத்தில் டென்னிஸ் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். நவம்பர் 5 காலையில் புயியும் மனைவி வான்ரோங்கும் உண்மையில் பழம் தின்றுகொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள், பாதி தின்ற ஆப்பிள் தரையில் உருண்டது என்று எழுதுகிறார். தலைநகரைக் கைப்பற்றியிருந்த தளபதி ஃபெங் யூஷியாங்கின் அதிகாரி கொடுத்த கெடு மூன்று மணி நேரம்.

வான்ரோங் பற்றிய பகுதியில்தான் கற்பனை அதிகம். ஜப்பானுக்கு உளவு பார்த்த கவாஷிமா யோஷிகோவோடு படம் காட்டும் உறவுக்கு ஆதாரம் இல்லை. அபின் பழக்கம் நிஜம். 1935இல் அவருக்கு வேறொருவர் மூலம் பெண் குழந்தை பிறந்து உடனே இறந்ததும் பெரும்பாலும் ஏற்கப்பட்டதே. ஆனால் படத்தில் ஜப்பானிய மருத்துவர் ஊசி போட்டுக் கொல்கிறார், காரோட்டி சுடப்படுகிறார். நமக்குக் கிடைக்கும் செய்திகளில் சந்தேகிக்கப்பட்டவர்கள் அரண்மனைப் பணியாளர்கள், அவர்கள் கொல்லப்படவில்லை, விரட்டப்பட்டார்கள். குழந்தை எப்படி இறந்தது என்பதில் நேரடிச் சாட்சியம் கிடையாது, ஆனால் எல்லா வடிவங்களிலும் முடிவெடுத்த இடத்தில் புயி இருக்கிறார். மனைவியை மூடிய அறையில் ஒதுக்கிவைத்ததும் அவர்தான். படம் அந்தக் கையை ஜப்பானியக் கையாக மாற்றிவிட்டது. வான்ரோங்கின் முடிவும் வேறு. 1945 ஆகஸ்டில் குடும்பத்தோடு தாலிட்சி என்ற சுரங்க ஊருக்குப் போனார், புயி விமானம் ஏறியபோது விட்டுவிட்டுப் போனார்கள், கம்யூனிஸ்ட் படையிடம் சிக்கி ஊர் ஊராகச் சிறை மாற்றப்பட்டு 1946 ஜூனில் யான்ஜியில் இறந்தார். கூடவே சிறைப்பட்ட புஜியேயின் ஜப்பானிய மனைவி எழுதிவைத்ததால் இது தெரியும். இரண்டாவது மனைவி வென்ஷியு மழையில் நடந்து போவதாகப் படம் காட்டுகிறது. அவர் 1931இல் வழக்கறிஞர் வைத்து விவாகரத்து கேட்டு 55,000 யுவான் வாங்கிப் பிரிந்தவர். பிந்தைய மூன்று மனைவிகள் படத்தில் இல்லவே இல்லை.

இதே சாய்வு புயியின் சிறுவயதுக் கொடுமைகளிலும் தெரியும். படத்தில் ஒரு ஊழியரை மை குடிக்க வைக்கிறான். தன்வரலாற்றில் அலிகளைச் சாதாரணமாகப் பிரம்பால் அடிக்கச் சொன்னது, கேக்குக்குள் இரும்புத்தூள் வைத்து ஒருவருக்குக் கொடுக்கத் திட்டமிட்டது, செவிலித்தாய் தலையிட்டு அதைத் தடுத்தது எல்லாம் இருக்கின்றன. சாங்சுனில் அனாதைச் சிறுவர்களை ஏவலுக்கு வைத்துக்கொண்டு அடித்ததில் ஒருவன் இறந்ததையும் அவரே ஒப்புக்கொள்கிறார். இது படத்தில் இல்லை. சிறையில் சொன்னது என்பதால் தன்னை மிகைப்படுத்தித் திட்டிக்கொண்டிருப்பாரோ என்ற கேள்வி நியாயமானது. என் அளவுகோல் இது: பெயர், இடம், பொருள், எண்ணிக்கை வரும் பகுதிகளை நம்புகிறேன், மனம் திருந்தியதை நீட்டி முழக்கும் பகுதிகளைச் சந்தேகத்தோடு படிக்கிறேன்.

மஞ்சூரியாவுக்கு விரும்பிப் போனாரா, கடத்தப்பட்டாரா என்ற விஷயத்தில் படம் நேர்மையாக இருக்கிறது. சிறை அதிகாரி, ஜான்ஸ்டன் தன் மாணவரைப் பற்றி எழுதிய நூலைக் காட்டி மடக்குவது நல்ல தேர்வு. 1946 ஆகஸ்டில் டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் எட்டு நாள் சாட்சி சொன்ன புயி, தன்னைக் கட்டாயப்படுத்தினார்கள் என்றார். ஜப்பானியப் போர் அமைச்சர் மினாமிக்கு 1931இல் அவர் எழுதிய கடிதத்தைக் காட்டியபோது போலி என்று கத்தினார். பிறகு தன்வரலாற்றில் அது தன் கடிதம்தான் என்று எழுதினார். அவரைத் தூண்டியவற்றுள் ஒன்று 1928இல் சுன் தியன்யிங் என்ற படைத்தலைவனின் ஆட்கள் சீஷியின் கல்லறையையும் 18ஆம் நூற்றாண்டுப் பேரரசர் சியன்லோங்கின் கல்லறையையும் வெடிவைத்துக் கொள்ளையடித்தது. காவலுக்கு உறுதி கொடுத்த குடியரசு யாரையும் தண்டிக்கவில்லை. இது காட்சியாக வந்திருந்தால் அவர் ஏன் ஜப்பான் பக்கம் போனார் என்பது பாதி விளங்கியிருக்கும். அங்கே அவரை அன்றாடம் ஆட்டிவைத்தவர் யோஷியோகா என்ற ராணுவ அதிகாரி, படத்திலோ முன்னால் நிற்பவர் அமகாசு என்ற இன்னொரு ஜப்பானியர். அமகாசு துப்பாக்கியால் சுட்டுக்கொள்ளவில்லை, சயனைடு விழுங்கினார்.

படத்தைத் திறக்கும் ரயில் நிலையத் தற்கொலை முயற்சி நடக்கவில்லை. 1967இல் சிறை அதிகாரியை ஊர்வலமாக இழுத்துச் செல்வதும், சீட்டு வாங்கி அரண்மனைக்குள் போய்ச் சிறுவனிடம் சில்வண்டுக் கூட்டைக் கொடுப்பதும் கற்பனை. தோட்டவேலை நிஜம், ஆனால் அது கொஞ்ச காலம்தான், பிறகு வரலாற்று ஆவணப் பிரிவில் எழுத்து வேலை பார்த்தார்.

மறுபடி பார்ப்பதாக இருந்தால் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரத் திரையரங்கு வடிவத்தையே பாருங்கள். மூன்றரை மணி நேரத்தைத் தாண்டும் தொலைக்காட்சி வடிவம் சிறைப்பகுதியை நீட்டுகிறது, வீழ்ச்சியைப் பற்றி அதிகமாகச் சொல்வதில்லை. வாங்கும் பிரதியில் படத்தின் அகல-உயர விகிதத்தையும் கவனியுங்கள். ஒளிப்பதிவாளர் ஸ்டொராரோவின் பிற்கால விருப்பப்படி சில வெளியீடுகளில் பக்கவாட்டை வெட்டி 2க்கு 1 ஆக்கியிருக்கிறார்கள். 2.35க்கு 1 உள்ள பிரதியில்தான் முற்றத்துக் காட்சியின் முழு அகலம் தெரியும். நிறங்களை அவர் வயதுக்கு ஒன்றாகப் பிரித்து வைத்தார்: மணிக்கட்டு ரத்தத்துக்குச் சிவப்பு, குடும்பத்தின் கதகதப்புக்கு ஆரஞ்சு, முடிசூட்டலுக்கு மஞ்சள், ஜான்ஸ்டன் வந்ததும் பச்சை. படித்துப் பார்க்க விரும்பினால் முதலில் பதவி துறப்பு ஒப்பந்தத்தின் எட்டு ஷரத்துகள், பிறகு புயியின் தன்வரலாறு, அதன்பின் ஜான்ஸ்டன். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். ஜான்ஸ்டன் தன் மாணவர் மேல் வைத்த பாசம் எழுத்தெங்கும் இருக்கிறது, அவரை முதலில் படித்தால் 1924இல் வாயிலுக்கு வந்த படைவீரர்களின் பக்கத்து நியாயம் உங்கள் கண்ணில் படாமலே போய்விடும்.